இரண்டு சிலிண்டர் சத்தம்

மாமனார்: நான் வாங்கப் போற வண்டியில, முன்னாடி திறந்தா எஞ்சினே இல்லையே, மாப்பிள்ளை. எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்.

மருமகன்: அது டிக்கி, மாமா. இந்த வண்டிக்கு எஞ்சின் பின்னாடி.

மாமனார்: எஞ்சின் பின்னாடி, டிக்கி முன்னாடியா?

மெக்கானிக்: ஆமாங்கய்யா. அந்தக் காலத்துச் சின்ன வண்டியில அப்படித்தான் வெச்சாங்க.

மாமனார்: அந்தக் காலம்னா... என் வயசு இருக்குமா?

மெக்கானிக்: உங்களைவிடச் சின்னதுதான். ஆனா உங்களைவிட ஜாஸ்தி இருமும்.

மாமனார்: அதையும் பாத்துடலாம். மாப்பிள்ளை, ஃபோன்ல என்னவோ ரெண்டு எஞ்சின்னு சொன்னீங்களே. எனக்கு ஒண்ணும் புரியல, சரி சரின்னு வெச்சுட்டேன்.

மருமகன்: இப்ப வண்டியில இருக்கறது அதோட கூடப் பொறந்தது, மாமா. ரெண்டு சிலிண்டர். மேட்டுல ஏறும்போது நாமளும் சேர்ந்து முனகணும். அதோ, ஸ்டாண்டுல நிக்குதே, அது அதே கம்பெனி பின்னாடி விட்ட வண்டியோடது. நாலு சிலிண்டர். ரெண்டு மடங்கு பலம், பாதிச் சத்தம்.

மாமனார்: அதை இதுக்குள்ள வைக்க முடியுமா?

மெக்கானிக்: வைக்கலாம். பின்பக்கத் தகட்டைக் கொஞ்சம் வெட்டணும். பழசு காத்துலயே ஆறிக்கும். புதுசுக்குத் தண்ணி வேணும், அதனால ரேடியேட்டர் வந்து டிக்கியில உக்காந்துக்கும்.

மாமனார்: அப்ப பையெல்லாம்?

மெக்கானிக்: மடியில.

மாமனார்: பிடிக்கலைன்னா பழசையே திரும்ப மாட்டிக்கலாமா?

மெக்கானிக்: அது முடியாதுங்கய்யா. வெட்டினா வெட்டினதுதான்.

மாமனார்: ம்... பொண்ணு என்ன சொல்றா, மாப்பிள்ளை? வீட்டுல கேட்டீங்களா?

மருமகன்: கேட்டேன் மாமா. எதுன்னாலும் சரின்னா.

மாமனார்: எப்பக் கேட்டீங்க?

மருமகன்: காலையில... கிளம்பறப்ப. பாதித் தூக்கத்துல இருந்தா.

மாமனார்: அந்தப் பல் வலியோட தூக்கம் வருதா?

மருமகன்: யாருக்கு?

மாமனார்: உங்க பொண்டாட்டிக்கு.

மருமகன்: ஓ... அது இப்பப் பரவாயில்ல.

மாமனார்: எந்தப் பக்கம்?

மருமகன்: இடது.

மாமனார்: வலது.

மருமகன்: எனக்கு எதிர்ல நின்னா இடது, மாமா.

மாமனார்: ம்... அப்படியும் இருக்கலாம்.

மெக்கானிக்: ஐயா, ரெண்டையும் ஓட விட்டுக் காட்டவா?

மாமனார்: இருங்க. நான் ரெண்டாவது திருப்பத்துக்குப் போறேன். அந்த லாண்டரிக் கடை வாசல்ல நிக்கறேன்.

மருமகன்: எதுக்கு மாமா அவ்வளவு தூரம்? இங்கயே கேக்கலாமே.

மாமனார்: இங்க நின்னா எல்லாமேதான் கேக்கும். போய்ச் சேர்ந்ததும் ஃபோன் அடிச்சுக் கட் பண்றேன். முதல்ல ஸ்டாண்டுல இருக்கறதை ஓட விடுங்க. இதை அப்புறம்.

மெக்கானிக்: ...போயிட்டாரா?

மருமகன்: போறாரு. செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு.

மெக்கானிக்: டேய், இன்னுமா அவர்கிட்ட சொல்லல?

மருமகன்: எப்படிடா சொல்றது? ‘மாமா, உங்க பொண்ணு மழைக்காலம் ஆரம்பிச்சப்போ வீட்டை விட்டுப் போயிட்டா, இப்ப மழையே விட்டாச்சு’ன்னா?

மெக்கானிக்: தங்கச்சி எங்க இருக்கு?

மருமகன்: தோழி வீட்டுலன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு.

மெக்கானிக்: எந்தத் தோழி?

மருமகன்: கேக்கல.

மெக்கானிக்: ஏண்டா?

மருமகன்: தொந்தரவா இருக்குமோன்னு.

மெக்கானிக்: அப்படி என்னடா சண்டை?

மருமகன்: சண்டையே இல்ல. அதான் அவளோட புகார். ‘ஒரு நாளாவது கத்தியிருக்கலாம்ல, நீ வீட்டுல இருக்கியா இல்லையான்னே தெரியல’ன்னா. பையைத் தூக்கிட்டுக் கிளம்பினா. நான் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டேன்.

மெக்கானிக்: கதவை எதுக்குடா திறந்தே?

மருமகன்: பை கனமா இருந்துச்சு.

மெக்கானிக்: உன்னையெல்லாம்...

மருமகன்: டாக்ஸி வரைக்கும் தூக்கிட்டும் போனேன். இந்த மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்றேன்னு சொன்னா. வர்றதா, வக்கீலைப் பாக்கறதான்னு.

மெக்கானிக்: நீ என்ன சொன்னே?

மருமகன்: சரின்னேன்.

மெக்கானிக்: ஃபோன் அடிச்சு நின்னுடுச்சு பாரு. பெரியவர் போய்ச் சேர்ந்துட்டாரு. தள்ளு... இந்தா, நாலு சிலிண்டர். ஒரே திருகுல பிடிச்சுக்கிச்சு பாத்தியா? வெண்ணெய் மாதிரி ஓடுது.

மருமகன்: அருமைடா. இதுமேல டம்ளர்ல தண்ணி வெச்சாக்கூட அலுங்காது. இதுதான் நமக்கு.

மெக்கானிக்: உனக்குன்னா இதுதான். சரி, அணைச்சுட்டேன். அவர் கூப்பிடறாரு, பேசு.

மாமனார்: ஹலோ... மாப்பிள்ளை, எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?

மருமகன்: ஆரம்பிச்சு அணைச்சும் ஆச்சு, மாமா.

மாமனார்: அப்படியா? இங்க ஒண்ணும் வரலையே.

மருமகன்: அதான் மாமா அதோட சிறப்பே. வாசல்ல வந்து நிக்கற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.

மாமனார்: ...சரி. மத்ததைப் போடுங்க. ஃபோனை வெச்சுடறேன், இதுல கேட்டா சேர்த்தி இல்ல.

மெக்கானிக்: நீயே உள்ள உக்காரு. சோக்கை இழு, பழசு அது இல்லாம கிளம்பாது. இதுகிட்டக் கொஞ்சம் கெஞ்சணும்.

மருமகன்: வா... வா, வா... அட, போகாத. இரு... இரு, கொஞ்சம் இரு... என்னை விட்டுட்டுப் போயிடாத...

மெக்கானிக்: டேய்.

மருமகன்: என்ன?

மெக்கானிக்: இதைத் தங்கச்சிகிட்ட சொல்லியிருந்தா அது ஏண்டா போகப் போவுது?

மருமகன்: இப்ப மிதிக்கவா, விடவா?

மெக்கானிக்: காலை எடுத்துடாத, மிதி. பிடிச்சுக்கிச்சு!

மருமகன்: என்னடா இது, கடாமுடான்னு... கல்யாண வீட்டுப் பாத்திரத்தை மாடியில இருந்து உருட்டின மாதிரி!

மெக்கானிக்: என்ன? கேக்கல!

மருமகன்: ஒண்ணுமில்ல! அணைச்சுடறேன்!

மெக்கானிக்: அப்பாடா. பெரியவர் வேண்டாம்னுதான் சொல்லுவாரு. வராரு பாரு, சிரிச்சுக்கிட்டே வராரு.

மருமகன்: பயந்துட்டீங்களா, மாமா?

மாமனார்: லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை வெச்சுட்டு வெளிய வந்து பாத்தாரு. எதிர் வீட்டு மாடியில ஒரு அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பாத்தாங்க. ரொம்பத் தெளிவா கேக்குது. இதுவே இருக்கட்டும். வெட்ட வேண்டாம்.

மருமகன்: மாமா, அவசரப்படாதீங்க. மேட்டுல திணறும். குளிர்ல சோக் இழுக்காம கிளம்பாது. அந்தச் சத்தம் இருக்கே...

மாமனார்: சத்தத்துக்காகத்தான் வாங்கறேன். கல்யாணமான புதுசுல ஒரு நாள் எங்க வீட்டுக் கூடத்துல அரை மணி நேரம் உக்காந்திருந்தீங்க, ஞாபகம் இருக்கா? நீங்க வந்ததே எங்க யாருக்கும் தெரியல.

மருமகன்: நீங்க டிவி பாத்துட்டிருந்தீங்க. எதுக்குத் தொந்தரவுன்னு...

மாமனார்: நானும் நீங்களும் ஒரே சோஃபாவுலதான் உக்காந்திருந்தோம், மாப்பிள்ளை.

மெக்கானிக்: ஐயா, நான் போய்க் கை கழுவிட்டு வந்துடறேன்.

மருமகன்: அதிருக்கட்டும், மாமா. உங்களுக்குத்தான் ஓட்டவே தெரியாதே. வாங்கி என்ன பண்ணப் போறீங்க?

மாமனார்: ஓட்டப் போறது நீங்க. வண்டி உங்க வீட்டு வாசல்லயே நிக்கட்டும். ஞாயித்துக்கிழமையானா அதுல வந்து என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க. போதும்.

மருமகன்: வர்றேன், மாமா. ஆனா அதுக்கு முன்னாடி... உங்ககிட்ட ஒண்ணு... அதாவது, நானும் அவளும்...

மாமனார்: இதுக்கும் சோக் இழுக்கணுமா?

மருமகன்: அவ வீட்டுல இல்ல, மாமா. போயிட்டா. காலையில நான் அவகிட்ட எதுவும் கேக்கல. எங்க இருக்கான்னுகூடத் தெரியாது. பல் வலின்னு நீங்க சொல்லித்தான் தெரியும். இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல.

மாமனார்: எங்க வீட்டு மாடியிலதான் இருக்கா, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கியிருக்கா... அதனால நான் எதுவும் சொல்லல, ஒரு பழைய வண்டி வாங்கறேன், அவ்வளவுதான். நீங்க வர்றது எங்க வீட்டுக்கு ரெண்டு திருப்பம் முன்னாடியே அவளுக்குக் கேக்கணும், மாப்பிள்ளை. ஜன்னலைச் சாத்தறதா, கீழ இறங்கி வர்றதான்னு யோசிக்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் வேணும்ல.