படகுத்துறையில் கூடிய கருத்துக்கேட்பு

கோடு வரையும் கைகளுக்கும், அக்கோட்டின்மேல் குடியிருக்கும் குடும்பங்களுக்கும் நடுவே குன்றாக் கனிவோடு நின்ற கோமகளே, எங்கள் நகரமைப்புப் பிரிவின் மூத்த அலுவலரே, அன்புக்குரிய டெல்ஃபின் சேச்சி, வணக்கம்.

காயலின் ஒளியும் கப்பலின் கூவலும் கனவெனக் கலக்கும், தாங்கள் பணி ஓய்வு பெறும் இம்மாலையில், தங்களோடு பணியாற்றிய ஆண்டுகளெல்லாம் நீரில் அலையும் நிழலாய் மங்க, ஒரு நிகழ்வு மட்டும் மிதந்து மிதந்து எங்கள் முன் வருகிறது.

தெக்கன்துருத்து என்னும் காயல் ஊரின் கரையோரம் சாலை அமைக்க நம் அலுவலகம் வரைபடம் தீட்டிய காலம் அது. மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் வேலைநாள் ஒன்றின் முற்பகலில், நகரின் குளிரூட்டிய அரங்கில் கூடியது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஈப்பன் சார் வழக்கறிஞரோடு வந்தார். சாலை தங்கள் வாசலை விட்டு விலகி, சிப்பி அவிக்கும் படகுத்துறை வழியே போகட்டும் என்று அழகாகப் பேசி அமர்ந்தார். அந்நேரம் அப்படகுத்துறைப் பெண்கள் கழுத்தளவு நீரில் சிப்பி வாரிக்கொண்டிருந்தார்கள்.

"எதிர்ப்பே இல்லையே, முடிச்சுடலாமா மேடம்?" என்றார் நகராட்சிச் செயலர்.

"வர முடியாதவங்களை ஒத்துக்கிட்டவங்கன்னு எப்படி எழுதுறது?" என்று கேட்டு, கூட்டத்தை ஒத்திவைத்தீர்கள்.

"அழைப்பு எல்லாருக்கும்தானே போட்டீங்க? வராதது யார் தப்பு?" என்றார் ஈப்பன் சார்.

"வேலைக்குப் போனது தப்பில்லையே சார். சாயங்காலம் படகுத்துறைக்கு வாங்க. நீங்களும் பேசலாம்."

அன்று மாலை, அடுப்புப் புகை நீர்மேல் நீலமாய்ப் படர, கவிழ்த்த வள்ளத்தின் மேல் வரைபடம் விரிந்தது. ஈப்பன் சாரும் வந்தார். சிப்பி அவிக்கும் கார்த்தியாயனி அவரைப் பார்த்து, "சாரே, அந்தப் பலகை மேல நில்லுங்க, ஷூ நனையுது" என்றதும் துறையே சிரித்தது. பிறகு கார்த்தியாயனி உங்கள் பக்கம் திரும்பினார். "ரோடு வேண்டாம்னு சொல்லல மேடம். ஆஸ்பத்திரிக்குப் படகு பார்த்துக் கிடக்கிறவங்க நாங்க. அடுப்பைத் தூக்கிட்டு எங்க போறதுன்னுதான் கேக்குறோம்."

"எங்க வாசல்ல லாரி ஓடினா குழந்தைங்க தூங்காதே" என்றார் ஈப்பன் சார்.

"எங்க பிள்ளைங்களும் தூங்குற பிள்ளைங்கதான் சாரே."

ஈப்பன் சார் வரைபடத்தின்மேல் குனிந்தார்.

இரு தரப்பையும் கேட்டபின் சாலை வளைந்தது. சங்கத்தின் தோட்டத்தில் ஓர் ஓரம் போயிற்று. படகுத்துறையில் பாதி போயிற்று. போன பாதியில்தான் கார்த்தியாயனியின் அடுப்பு இருந்தது. அந்தக் கூட்டம் இல்லையென்றால் துறை முழுதும் போயிருக்குமே என்று நாங்கள் தேற்றியபோது, "அதை அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றீர்கள். பின்பு நீங்களே போனீர்கள். பக்கத்து அடுப்பில் இடம்பிடித்திருந்த அவர் பாலில்லாத கட்டஞ்சாயா தந்து, "அடுத்த கூட்டம் எப்போ?" என்று மட்டும் கேட்டாராம். திட்டத்தைத் தாமதித்தீர்கள் என்று தங்களைப் பழைய கோப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். முகம் வாடாமல் போய், முதுகு வளையாமல் திரும்பினீர்கள். இன்று நம் கூட்டங்கள் வேலை முடிந்த மாலைகளில், சாலை வரும் தெருவிலேயே நடக்கின்றன. அங்கும் உரத்த குரலே முதலில் கேட்கிறது. மெல்லிய குரலுக்காக நாங்கள் காத்திருக்கப் பழகியிருக்கிறோம்.

நலமும் நெடுவாழ்வும் நல்லுறக்கமும் தங்களை நாளும் சூழட்டும், சேச்சி. நாளை முதல் தாங்கள் இந்நகரின் குடிமகள். நாங்கள் வரைவதில் பிழை கண்டால், கூட்டத்துக்கு வந்து எங்களை எதிர்த்துப் பேசுங்கள்.

தங்கள் மறுப்புக்கும் காத்திருக்கும்,
நகரமைப்புப் பிரிவுப் பணியாளர்கள்