கண் திறக்காத குட்டி

எழுபதுகளில் ஒருநாள், ஆவடியில் நாய் லைசென்ஸ் வரிசை. எனக்கு முன்னால் நின்ற நாய்க்குட்டி வியாபாரி, பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளிடம் சொன்னார்: "கண்ணு தொறந்து ஆத்தாளைப் பாத்துட்டா, குட்டி வாங்கினவங்க ஊட்ல தங்காதும்மா. அதான் முன்னாடியே விக்கிறேன்."

முந்தின நாள் அவரிடம் வாங்கிய குட்டியைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார் அந்த அம்மாள். "பாலே குடிக்கலைங்க. போன குட்டியும் இப்படித்தான் செத்துச்சு. விக்கிறதுக்கு உங்களுக்கு லைசென்ஸ் யாரு குடுத்தா?"

"வளக்கத்தாம்மா லைசென்ஸ். விக்கிறதுக்கு இன்னாத்துக்கு?"

அன்றைய விதிப்படி அவர் சொன்னது சரிதான்.

"தாய் என்ன பண்ணுது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

வியாபாரி தலையைச் சொறிந்தார். "காலிக் கூடையை மோந்துகினே கீது. சோறு துன்னல."

"நடங்க, அதுகிட்டயே விடுவோம்."

"அப்பால உங்க ஊட்ல தங்காதும்மா."

"உயிரோட எங்க இருந்தா என்ன?"

இருவரும் வரிசையை விட்டு விலகினார்கள். விண்ணப்பத்தை மட்டும் அந்த அம்மாள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.