நாக்கில் நின்ற பேச்சு

— இன்னொரு தடவை, அப்பா. ஒரே ஒரு தடவை. வாயில பால் இருக்கு. இதோ என் நெஞ்சு. பாலை ஊதி வாழ்த்துங்க.

— டேய் யேகோன், சட்டையைப் போடுடா. சோடிக் மலைக்காத்து நெஞ்சுல ஏறினா நீயும் படுத்துக்குவே. ரெண்டு நோயாளிக்கு என்னால முடியாது, கேட்டியா.

— நீ சும்மா இரும்மா. அப்பா, உதட்டைக் குவிங்க. என் வாயைப் பாருங்க, இப்படி. பூ... பூ... இல்ல, நாக்கை நீட்டாதீங்க. பல்லைக் கடிக்காதீங்க. ஐயோ, வழியுதே.

— பால் பூரா தாடியில. மூணாவது குடுக்கை இது. இதைக் கன்னுக்குட்டிக்கு விட்டிருந்தா அந்தக் கன்னாவது உன்னை வாழ்த்தியிருக்கும்.

— சிரிப்பா இருக்கா உனக்கு?

— யாருடா சிரிக்கிறது? வாயைத் துடைச்சு விடறேன். ஏங்க, திரும்பாதீங்க. இந்தா, தள்ளறார் பாரு. வலது கைதான் செத்துப் போச்சு, இடது கையில யானை பலம். என்னைத் தள்ளறதுக்கு மட்டும்.

— போ... மூஞ்சியில முழிக்காதே.

— கேட்டியாம்மா? ஆரம்பிச்சுட்டார்.

— அவருக்கு வர்றது அது ஒண்ணுதானேடா. நாலு வருஷமா செவலை மாட்டுக்கும் அதுதான், தேயிலை எடை போட வர்றவனுக்கும் அதுதான். போன ஞாயித்துக்கிழமை பாதிரியார் கையைப் பிடிச்சுக்கிட்டு அதையே சொன்னார். அவர் ஆமென்னு சொல்லிட்டு, டீயைக் குடிச்சிட்டுப் போனார்.

— பாதிரியார் வீட்டுல ரெண்டு குழந்தை சாகலையேம்மா.

— ஆண்டவனே.

— என் வீட்டுல செத்துச்சு. முதல்ல ஒண்ணு ஏழாம் மாசத்துலயே போச்சு. அடுத்தது நாலு நாள் இருந்துச்சு, என் விரலைக்கூடப் பிடிச்சுச்சு. இப்ப உன் மருமக செப்டூவுக்கு ஒம்பதாம் மாசம். அவ அண்ணன்மாருங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்பன் சாபம் இருக்கிறவனுக்குப் பிள்ளை தங்காதாம். 'உங்கப்பன் பாலை ஊதி வாழ்த்தின நெஞ்சோட வா, பொண்டாட்டியைத் தரோம். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வரலேன்னா இனி இந்த வேலிப் பக்கமே வராதே'ன்னுட்டாங்க.

— நெஞ்சைத் தொறந்து பார்க்கவா போறாங்க? ஊதிட்டார்னு சொல்லேன். நான் சாட்சி வரேன். நாலு துளி பாலை நானே தெளிச்சு விடறேன்.

— பொய்ப் பால் குழந்தையைக் காப்பாத்துமா?

— காப்பாத்தாதுதான்.

— அப்புறம் ஏன் சொல்றே? அவ அண்ணன்மாருக்காகவாம்மா நான் இங்க சட்டையைக் கழட்டி நிக்கிறேன்? எனக்கு வேணும். அவர் வாயாலே எனக்கு வேணும். அப்பா, நான் பேசறது புரியுதா? புரியுதுன்னா தலையை ஆட்டுங்க.

— அதையும்தான் பார்த்தாச்சே. ஆமாவுக்கும் அதே ஆட்டு, இல்லைக்கும் அதே ஆட்டு. படம் போட்ட தாளைக் குடுத்தா நாலு மூலையிலயும் விரலை வைக்கிறார். நேத்துச் சீப்பைக் குடுத்தேன், பல்லுல தேய்க்கிறார். தேய்ச்சுட்டு, தப்புன்னு தெரிஞ்சு தலையில அடிச்சுக்கிறார். ஆனா புரியும்டா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்தப் பேச்சுப் பயிற்சிப் பொண்ணு என்ன சொன்னா? புத்தி போகலை, உள்ள ஆள் முழுசா இருக்கார், வார்த்தை வர்ற வழிதான் அடைஞ்சுபோச்சுன்னு சொன்னாளா இல்லையா?

— இன்னொண்ணும் சொன்னா. நீ மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தே. தலைக்குள்ள நரம்பு அடைக்கிற நேரத்துல நாக்குல எது இருந்துச்சோ, சில பேருக்கு அதுவே ஒட்டிக்குமாம். மத்ததெல்லாம் போனாலும் அது போகாதாம்.

— அப்படியா சொன்னா?

— அப்படித்தான் சொன்னா. அப்ப அன்னைக்கு அப்பா நாக்குல என்ன இருந்துச்சு? காலையில நீயும் நானும் சண்டை போட்டோம். புருஷனை விட்டு வந்தவளைக் கட்டிட்டு வந்துட்டேன்னு நீ மண்ணை வாரித் தூத்தினே. அப்பா முக்காலியில உட்கார்ந்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசலை. நான் எழுந்து போயிட்டேன். மத்தியானம் ஆள் வந்து சொல்றான், அப்பா விழுந்துட்டார்னு. ஓடி வந்தேன். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை அதுதான்.

— நாலு வருஷத்துக் கதையை இப்ப எதுக்குடா...

— என்னைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தப்பதான் விழுந்தார்னு நீதானேம்மா சொன்னே? ஊர் பூரா நீதானே சொன்னே?

— கஞ்சி கொதிக்குது. இறக்கிட்டு வந்துடறேன்.

— பேச்சை மாத்தாதே.

— மாத்தலைடா. மனுஷன் காலையிலிருந்து பட்டினி. உன் சாபத்துக்காக அவர் பசி நிக்குமா? இந்தாங்க, கேழ்வரகுக் கஞ்சி. இடது கையால பிடிங்க. சூடு, பார்த்து.

— அம்மா.

— என்ன?

— ஊதறார்.

— சூடா இருந்தா ஊத மாட்டாரா?

— உதட்டைக் குவிச்சு, கோணாம, ஊதறார்மா! அப்பா! அப்பா, அப்படியேதான். இப்ப என் மேல. பால் வேண்டாம், கஞ்சியே போதும். இதோ நெஞ்சு. ஊதுங்கப்பா!

— போ... மூ... மூஞ்... போ, மூஞ்சியில முழிக்காதே.

— பார்த்துட்டேன். போதும். கஞ்சிக்கு வாய் வருது, மகனுக்கு வரலை.

— அது அப்படியில்லைடா கண்ணு. தானா வந்தா வரும். செய்யுங்கன்னு சொன்னா வராது. நாம கேக்கக் கேக்க வாய் வழி தெரியாம தட்டுத் தடுமாறுது. அந்தப் பொண்ணு தீக்குச்சியைக் கொளுத்தி, ஊதுங்க தாத்தான்னு பத்துத் தடவை சொன்னா. வரலை. குச்சி எரிஞ்சு அவ விரலைச் சுட்டுச்சு. இவர் சட்டுன்னு ஊதி அணைச்சார். அவளே சிரிச்சா.

— அவ விரல் சுட்டதுக்கு ஊதினாரா? நான் நாலு வருஷமா எரியறேன்மா. தெரியலையா அவருக்கு?

— தெரியுதுடா. அழறார் பாரு.

— அழுகை மட்டும் சரியா வருது.

— வாயைக் கழுவு. பெத்தவரை அப்படிச் சொல்லாதே.

— நீ எப்பவும் அவருக்கு வக்கீல்.

— வக்கீல் இல்லைடா, வாய். இந்த வீட்டுல அவருக்கு வாய் நான்தான். அவர் பசின்னு நான்தான் சொல்றேன், அவர் வலின்னு நான்தான் சொல்றேன்.

— அப்ப வாழ்த்தையும் நீயே சொல்லிக்கோ. சரி, விடு. அந்தச் சட்டையைக் குடு, போட்டுக்கறேன். அப்பா, கேளுங்க. நாலு வருஷமா போ போன்னு சொல்றீங்க. நான்தான் புத்தி கெட்டு, காலையில கும்பிட்டு, சாயங்காலம் கும்பிட்டு, வாசல்லயே கிடந்தேன். பெத்தவர் சொல்லைத் தட்டக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. போயிடறேன்.

— எங்கடா போறே?

— மொம்பாசா. துறைமுகத்துல மூட்டை தூக்கறேன். பை கட்டி வாசல்ல வச்சிருக்கேன், நீ பார்க்கலை.

— செப்டூ?

— அவ அண்ணன் வீட்டுலயே இருக்கட்டும். நான் அப்பன் இல்லேன்னா சாபமும் கிடையாது. அந்தக் குழந்தை யார் பேரைச் சொல்லியாவது பிழைச்சுக்கட்டும்.

— யேகோன், கல்லைத் தூக்கித் தலையில போடாதேடா. நாளைக்கு அது பொறந்து அப்பன் எங்கன்னு கேட்டா?

— கேக்கறதுக்கு உசிரோட இருந்தா போதும்மா எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம். வரேன்பா.

— போ! போ, மூஞ்சியில முழிக்காதே! போ!

— போறேன்பா. கையை எடுங்க.

— மூஞ்சியில முழிக்காதே! மூஞ்சியில முழிக்காதே!

— சட்டையை விடுங்க, கிழியுது. அம்மா, அவர் விரலைப் பிரிச்சு விடு. என்னால முடியலை. வாய் போன்னு சொல்லுது, கை விடமாட்டேங்குது. இதுல எதைம்மா நான் நம்பறது?

— கையை.

— என்ன?

— கையை நம்புடா.

— ஆறுதல் சொல்லாதே. உன் ஆறுதலை வச்சு நான் என்ன பண்ண?

— ஆறுதல் இல்லைடா. உட்காரு. அவர் பிடிச்சபடியே இருக்கட்டும், நீ உட்காரு. நான் நின்னுக்கிறேன்.

— பொழுது சாயுதும்மா.

— அன்னைக்கு நீ கோவிச்சுக்கிட்டுப் போனதும் நான்தான் அவர் முன்னால போய் நின்னேன். ஊர்ப் பெரியவங்களைக் கூப்பிடுங்க, இவன் என் பிள்ளை இல்லேன்னு தரையில துப்புங்கன்னு சொன்னேன். அவர் பேசலை. மறுபடியும் சொன்னேன். அவர் கைத்தடியை எடுத்து நானே அவர் கையில குடுத்து, எழுந்திருங்கன்னேன்.

— அம்மா...

— எழுந்தார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம், ஒரு நாள் என்னை அதட்டினதில்லை.

— என்ன சொன்னார்?

— முதல்ல, சாபம்னு பயந்து செப்டூ ஓடிருவாள்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அப்புறம் குழந்தை போச்சு. அதுக்கப்புறம் எப்படிடா சொல்லுவேன், நீயே சொல்லு. ஊரெல்லாம் உன்னைப் பழி சொல்லும்போது இவர் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். என்னைப் பார்த்துப் பார்த்து அழுவார். நான் மூஞ்சியைத் துடைச்சு விட்டுட்டுப் போயிடுவேன்.

— என்ன சொன்னார் அம்மா? சொல்லித் தொலை!

— 'போ, மூஞ்சியில முழிக்காதே'ன்னு என்னைச் சொன்னார்டா. சொல்லிட்டு, 'அவன் என்...'னு ஆரம்பிச்சார். அதோட விழுந்துட்டார்.