சிமிட்டாத கண்

இரவு ஒன்றரை மணி. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வருகிற சாலை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்... நடுவில் ஒற்றை லாரி. பின்னால் அடுக்கடுக்காகக் கரி மூட்டை. ஓட்டி வந்தவன், தினமும் நம்மோடு டீக்கடையில் உட்காரும் நாகராஜின் மச்சான் சுந்தரபாண்டி. நாகராஜ் இன்றைக்கு வரவில்லை. அதனால்தான் இதைச் சொல்ல முடிகிறது.

முதலாளி காசிராஜன் அந்த வண்டியில் புதிதாக ஒரு கேமரா மாட்டியிருந்தார். ஸ்டீயரிங்குக்கு மேலே உட்கார்ந்துகொண்டு டிரைவரின் கண்ணையே பார்க்கும் கறுப்புப் பெட்டி. இமை மூடியே இருந்தால் கீ... கீ... என்று அலறும். "ஓய்வெடுக்கவும்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். உடனே முதலாளியின் போனுக்குப் படம் போய்விடும். ஏற்கெனவே ஒரு தடவை அப்படிப் போயிருந்தது.

"இன்னொரு படம் வரட்டும், சாவியை வச்சிட்டுப் போயிரு" என்று சொல்லிவிட்டார். விடியுமுன் லோடு வந்து சேரவேண்டும் என்று சொன்னவரும் அவரேதான். சுந்தரபாண்டி சரியாகத் தூங்கி நாளாயிற்று. வீட்டில் மனைவி செல்வலட்சுமிக்கு நிறைமாதம். வேலை போனால் அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் லோடு ஏற்றிய இடத்தில், விறகைக் கரியாக்கும் மூட்டத்துப் பக்கத்தில் ஒரு சுவர். அதில் ஈரம் காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பெரிய மீசை வைத்த ஒருவர் கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் முகம் அளவுக்கே படம். சுந்தரபாண்டி அந்த முகத்தை மட்டும் பக்குவமாக உரித்தெடுத்தான். பெயர் சுவரிலேயே நின்றுவிட்டது.

லோடு ஏற்றிய சின்னச்சாமி சிரித்தான். "ஏலே, செத்தவரையா கிளீனரா ஏத்துற?"

"டீ கேக்க மாட்டாரு, படிக்காசு கேக்க மாட்டாரு. கண்ணைச் சிமிட்டவும் மாட்டாரு. அதான்ல எனக்கு வேணும்."

மைதாப் பசை ஈரத்தோடு அதைப் பக்கத்து சீட்டில் ஒட்டினான். கேமராவை அந்தப் பக்கம் திருப்பினான். தன் கண்ணை இறுக மூடிப் பார்த்தான். பெட்டி வாயே திறக்கவில்லை.

லோடு ஏறி முடிந்து, நடுராத்திரி தாண்டி அப்படிக் கிளம்பியவன்தான். கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. டயர் உருளும் சத்தம்... கரித்தூள் வாடை. ஒரு கண்மாய்க் கரை வளைவில் தலை லேசாகத் தொங்கியது. உடனே நிமிர்ந்துகொண்டான்.

கீ... கீ... கீ...

"ஓய்வெடுக்கவும்."

கேபின் விளக்கைப் போட்டான். காகித முகம் இருந்த இடத்தில் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் கேமராவைப் பார்க்கவில்லை... அவனைப் பார்த்தது.

விளக்கை அணைத்தான். கரி வாடைக்குள் எங்கிருந்தோ சம்பங்கி மாலை வாசம். ஊதுபத்தி. தலைக்கு எண்ணெய் வைத்தது போல ஒரு குளிர்ச்சி உச்சியிலிருந்து இறங்கியது.

கீ... கீ... கீ...

போன் அடித்தது. முதலாளி. போச்சு, வேலை போச்சு என்று நினைத்தபடி ஸ்பீக்கரில் போட்டான். திட்டு வரவில்லை. மூச்சுத்தான் வந்தது.

"சுந்தரபாண்டி... வண்டியை ஓரங்கட்டு."

காலை எடுத்து பிரேக்கில் வைத்தான். லாரி குலுங்கி நின்றது.

"படம் வந்திருக்குப்பா. ரெண்டு வந்திருக்கு. ரெண்டுலயும் கண்ணு மூடித்தான் இருக்கு. உன் முகம்தான்... வாயை மூடி நாடியைச் சுத்தி என்னப்பா வெள்ளைத் துணி கட்டிருக்கு? நெத்தியில எதுக்கு ஒத்த ரூவா வச்சிருக்கு?"

சுந்தரபாண்டி இருட்டில் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தான்.

"தூங்குறியா, முழிச்சிருக்கியா? ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னாப் போதும், வேலையெல்லாம் ஒண்ணும் போகாது. எப்பா... பேசு."

நான் தூங்கவில்லை அண்ணாச்சி. இவ்வளவுதான் சொல்லவேண்டியது.

சொல்வதற்கு வாயைத் திறக்கப் போனான்.

திறக்க வரவில்லை.