படத்துக்கு முன்னால் முட்டி போட்டவள்

திருவொற்றியூர் போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். எழும்பூர் மியூசியத்தை முதன்முதலாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மேரி, அந்தப் படத்துக்கு முன்னாடி எதுக்குடி முட்டி போட்ட?"

"மாதான்னு நெனச்சிட்டேன் கலா. தலைல முக்காடு கீது, கைல கொயந்த கீது."

"அது யாரோ தயிர் விக்கிற பொம்பள. கீய எய்திகீது."

"முட்டி போட்டப்புறம்தான சொன்ன."

"நீ கண்ண மூடிகினு கீற, எப்டி சொல்றது? அப்டி இன்னாதான் வேண்டிகின?"

மேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உன் மவளுக்கு சுகப்பிரசவம் ஆவணும்னு."

கலா மெல்லக் கேட்டாள். "அப்போ மாதா கோயில்ல இன்னொரு தபா சொல்லிடுறியா?"

"இன்னாத்துக்கு? அந்த தயிர்க்காரியும் புள்ள பெத்தவதான. கேக்காமலா பூடுவா."