பால் டின்னுல இருந்தது

சும்மா புனிதா புனிதான்னு கெஞ்சாதீங்க அத்தை. நாளைக்கு ஆளுங்க வராங்க, வீட்டக் கழுவுங்கன்னுதான் அம்மா சொன்னாங்க. ஜன்னலோரம் இருந்த என் போத்தல்ல உப்பக் கொட்டி லொங்காங் சாக்கடையில ஊத்தச் சொன்னது யாரு?

அட்டையா? எல்லாமே அட்டையா? நெளிஞ்சா அட்டை, வழவழன்னு இருந்தா அட்டை, பாத்தவொடன உப்பு! தோட்டத்துல பொறந்த எல்லாருக்கும் இதே புத்தி. ஃபோம் சிக்ஸ் வகுப்புல பயோலோஜி பாடத்துக்கு மாசக்கணக்கா சேத்தது. திங்கக்கிழம டீச்சர் முன்னாடி வகை பிரிச்சுக் காட்டணும், மார்க்கே அதுலதான்.

போவாதீங்க, உக்காருங்க. என்னத்தக் கொட்டுனீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. மொத போத்தல்ல தட்டைப்புழு. மண்வெட்டி மாதிரி தலை, நாடா மாதிரி ஒடம்பு. ஒரே ஓட்டைதான், திங்கிறதும் அதுல, கழியிறதும் அதுல. ரெண்டா வெட்டுனாலும் ரெண்டும் பொழைக்கும். உப்புக்குத்தான் பொழைக்காது. அடுத்தது கோழிக் கொடல்ல எடுத்த உருளைப்புழு. அதுக்கு வாய் ஒரு முனை, கழியிற எடம் இன்னொரு முனை. ஒடம்புல வளையம் கெடையாது. மண்புழுவுக்கு ஒடம்பு பூரா வளையம். உங்க அட்டையும் ஒண்ணு இருந்துச்சு, போதுமா? அதுவும் வளையந்தான், மண்புழுவுக்குச் சொந்தக்காரன்.

வேற புடிச்சுக்கிறதா? யாரு புடிப்பா, நீங்களா? செம்பனைக் காட்டுல பழம் வெட்டிட்டு, ஈர மட்டையப் பொரட்டிப் பொரட்டி அப்பா கொண்டாந்தது அத்தை. அவருக்கும் மொதல்ல எல்லாம் அட்டைதான். அப்புறம் பூட்ஸக் கூட கழட்டாம வாசல்லயே நின்னு கேப்பாரு, இது எந்தக் கூட்டம்மா, தட்டையா, உருளையா, வளையமான்னு. நான் சொன்னாத்தான் குளிக்கவே போவாரு.

போத்தலோட சேத்து ஊத்துனீங்களே, அந்தப் பால் டின்னா? அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. அன்னிக்குக் காலையில குழாயடியில புடிச்சேன், பாரும்மான்னு வச்சுட்டு வேலைக்குப் போனாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சு, சாயந்தரம் பாத்துச் சொல்றேன்பான்னேன். மத்தியானம் அவரத்தான் லோரில தூக்கிட்டு வந்தாங்க.

அதுக்கப்புறம் நான் மூடியத் தொறக்கல. நாளைக்குப் பதினாறு முடிஞ்சு, அப்பா படத்துக்கு முன்னாடி தொறந்து பாத்து, பதில் சொல்லலாம்னு இருந்தேன்.

அழுவாதீங்க. ஊத்துனப்போ நீங்க பாத்தீங்கல்ல? உங்களத் தவிர யாரும் பாக்கல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஒடம்பு தட்டையா இருந்துச்சா, உருண்டையா இருந்துச்சா, வளையம் தெரிஞ்சுச்சா?

அட்டைன்னு மட்டும் சொல்லிடாதீங்க அத்தை.