வெர்னா அம்மையார் வாயால் கேட்ட விவரப் பட்டியல்

ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும் எங்கள் ஒஹாயோ மாவட்டத்தில், இருபத்தெட்டு ஆண்டுகள் ஏழைக் கைதிகளின் மேல்முறையீடுகளைச் சொந்தச் சுமையாய்ச் சுமந்தவரே! பிறர் புரட்டிச் செல்லும் பக்கத்தில் பொறுமையோடு நின்று படிப்பவரே! வெர்னா ஸ்டாவிஷ் அம்மையீர்! வணங்குகிறோம்.

சாட்சியம் செல்லாது, ஜூரி நடுவர்களுக்கு நீதிபதி தந்த விளக்கம் பிழை, தண்டனை மிகை என மேல்முறையீட்டு வாதங்கள் பல. பெரும்பாலானவற்றை விசாரணையின்போதே முறைப்படி எழுப்பியிருக்க வேண்டும், விட்டது போனதுதான். இதை உங்கள் சொந்தப் பிழையைக் காட்டியே எங்களுக்குச் சொன்னீர்கள்.

அப்போது நீங்களும் எங்களைப் போல விசாரணை மன்ற வழக்கறிஞர். உங்கள் கட்சிக்காரர் டெல்மர் புருயிட், இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் தொழிலாளி. கோடையில் பாதி நாள் கரையில், பாதி நாள் கப்பலில். ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையே ஒரு கிடங்கில் புகுந்து திருடினார் என்பது குற்றச்சாட்டு.

“என்னிக்குன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்கம்மா. அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு கப்பல் பதிவேடே சொல்லிடும்” என்று அவர் கெஞ்சினார்.

குற்றம் நடந்த நாள், இடம் முதலியவற்றைச் சொல்லும் குற்ற விவரப் பட்டியலை எழுத்தில் கேட்டால் அரசுத் தரப்பு தந்தே ஆகவேண்டும். நீங்களோ நீதிமன்ற நடைவழியில் வாயால் கேட்டீர்கள்.

“தர்றேன் வெர்னா. நமக்குள்ள எதுக்குக் காகிதம்?” என்றார் அரசு வழக்கறிஞர்.

நம்பினீர்கள். பட்டியல் வரவில்லை, டெல்மருக்கு ஆறாண்டுச் சிறை வந்தது. எழுத்தில் கேட்கவில்லை என்று மேல்முறையீடும் தள்ளுபடியானது.

அப்போது, தவறு என்னுடையது என்று நீங்களே பிரமாண வாக்குமூலம் எழுதினீர்கள். ஏழைகளுக்கு வாதாடும் நம் அலுவலகத்தின் தலைவர் நெமெத் பதறிப்போனார்.

“ஏம்மா, உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்குவியா? இனி எவன் உனக்கு வழக்குக் கொடுப்பான்?”

“என் தலை வெளியிலதானே சார் இருக்கு. உள்ள இருக்கறது அவன் தலை.”

வழக்கறிஞரின் பிழையால் கைதி பாதிக்கப்பட்டார் என்று மன்றம் ஏற்றது, மறுவிசாரணை கிடைத்தது. இம்முறை எழுத்தில் கேட்டீர்கள். ஜூன் பதினான்கு என்று பதில் வந்தது. அன்று டெல்மரின் கப்பல் தொலைவிலுள்ள டுலூத்தில் தாது ஏற்றிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வந்தார். சிறையில் போன இரண்டாண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை என்று இன்றும் வருந்துகிறீர்கள்.

அதன்பின் மேல்முறையீட்டு அலுவலகம் சென்றீர்கள். எங்களில் ஒருவர் விட்ட பிழையை விசாரணைப் பதிவில் கண்டால், மனுவில் எழுதுமுன் அவரையே அழைப்பீர்கள்.

“ரோனி, நாளைக்கு உன் பேரை எழுதப் போறேன்ப்பா. தபால்ல பார்த்துத் துடிக்கக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன். திட்டணும்னா திட்டு, அழணும்னா அழு. நான் போனை வைக்க மாட்டேன்.”

பரிவு சிறியதுதான். ஆனால், அந்தப் பரிவு இல்லாவிட்டால் நாங்கள் பிழையை மறைத்திருப்போம். எங்கள் கட்சிக்காரர்கள் உள்ளேயே இருந்திருப்பார்கள்.

இறைவன் உங்களுக்கு நெடிய வாழ்வும், நோயற்ற உடலும், நிம்மதியான உறக்கமும் அருள்வாராக!

கீழே கையெழுத்திடும் பதினொருவரும் அந்த அழைப்பைப் பெற்றவர்கள். பதினொருவரும் மறுநாளே தம் பிழையைப் பிரமாண வாக்குமூலமாய் எழுதிக் கொடுத்தவர்கள்.

நன்றியுடன்,
மாவட்ட விசாரணை மன்ற வழக்கறிஞர்கள்